மூன்று சுழி ணகரத்தைச் சொல்லும் குரல்

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா நழுவுகிறாள் என்று நினைத்திருப்பாய். நழுவவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கு யாரோ கம்ப்யூட்டர்கள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் லினக்ஸைப் போடுவதா, விண்டோஸைப் போடுவதா என்று முடிவு செய்யும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்குப் போகிறாய். உனக்கு லினக்ஸ்தான் வேண்டும். உன் நண்பன் விண்டோஸ் என்கிறான். "நீதான் ரெண்டையும் பாத்தவ, நீயே சொல்லும்மா" என்றாய். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து தட்டுகிறேன். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் காதுக்குள் அது எனக்குச் சொல்லப்படுகிறது. தப்பிருந்தால் அது என் தப்புதான், இயந்திரத்தின் தப்பில்லை.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் உனக்குத் தெரிந்தது நீ இருந்த பக்கத்துக் கதை. நீ கோயம்புத்தூரில் இருந்தபோது சிவகாசியில், நம் வீட்டில், கம்ப்யூட்டர் இருந்த மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை நீ முழுக்கக் கேட்டதில்லை.

டெய்லி காலண்டர் தாள்களைப் பிழை திருத்துவதுதான் என் வேலை என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். கிழித்துப் போடுகிற தாளில் திருத்த என்ன இருக்கிறது என்பார்கள். ஒரு தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், பண்டிகை எல்லாம் இருக்கும். ஒன்று மாறினாலும் காலண்டரை மாட்டியிருக்கிற வீடுகளிலெல்லாம் அது மாறிப்போகும். நானும் பாத்திமாவும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவள் புரூஃபைப் பார்த்துக்கொண்டு வருவோம். அப்படியே வருசக்கணக்காக இருந்தோம். பிரஸ்ஸில் எங்களுக்கு ஜோடிப்புறா என்று பெயர்.

பிறகு ஓரத்தில் இருக்கிற எண்கள் எனக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தன. மதுரையில் டாக்டர் கண் அழுத்த நோய் என்றார். இனிப் போகப்போவதைத் தள்ளிப்போடலாம், போனதைத் திருப்பித் தர முடியாது என்றார். எனக்குத் தள்ளிப்போடவும் முடியவில்லை. கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் மிஞ்சியது. முதலாளி நல்ல மனிதர். "அக்கா, வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்க, நாங்க இருக்கோம்ல" என்றார். அந்த 'ரெஸ்ட்' என்கிற வார்த்தையைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. உன் அப்பா மல்லாங்கிணறு பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டப் போய்விடுவார். நான் வீட்டில் தனியாக ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர், இனிமேல் உனக்கு அதுதான் கண் என்றாய். அதில் நீ போட்டிருந்த லினக்ஸைப் பற்றி நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லம்மா. உள்ள என்ன ஓடுதுன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். மத்ததெல்லாம் பூட்டுன வீடு. இது திறந்த வீடு." நான் உன் குரலில் இருந்த சந்தோசத்தைத்தான் கேட்டேன். வீடு திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பதைப் பற்றி எனக்கு அப்போது அக்கறையில்லை. என் மகன் எனக்காக உட்கார்ந்திருக்கிறான் என்பது போதுமாக இருந்தது.

நீ இருந்தவரை எல்லாம் நடந்தது. நீ ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. முந்தின நாள் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு அணைந்து எழுந்திருந்தது. எழுந்தவுடன் குரலும் தானாக எழ வேண்டும் என்று நீ அதற்குச் சொல்லி வைக்க மறந்திருந்தாய். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கைக்குக் கீழே ஒரு தகடு இருக்கிறது, அது பேசவில்லை என்பது மட்டும்தான். பார்வையுள்ளவர்களுக்குக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் கெட்டுப்போனது திரையிலாவது தெரியும். எனக்கு அது கெட்டதா, நான் கெடுத்தேனா, கரண்ட் இல்லையா என்பதுகூடத் தெரியாது.

உன் அப்பா அதைத் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நமக்குப் பழக்கமில்லாத சிஸ்டமால்ல இருக்கு. விண்டோஸா இருந்தா இங்கனயே சரிபண்ணிக் கொடுத்துருவேன். இதுல கைய வச்சு எதும் ஆயிருச்சுன்னா உங்க பையன் வந்து சத்தம் போடுவாரு" என்று கொடுத்துவிட்டார். சாயங்காலம் உனக்குப் போன் போட்டோம். நீ ஏதோ ஒரு கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, அதில் ஆங்கிலத்தில் ஒரு வரியைத் தட்டச் சொன்னாய். நான் தட்டுவது எனக்குக் கேட்கவில்லை. அதனால் நீ சொல்லச் சொல்ல, அப்பா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். "எஸ் போட்டாச்சு. யூ எங்கடே இருக்கு? ஆங், போட்டாச்சு. அடுத்து என்ன, டீயா, டிய்யா?" என்று அவர் கேட்க, நீ அங்கே பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே கேட்டது. மூன்றாவது தடவையும் தப்பாகப் போனதும், "இதுக்கு மேல எப்படிப்பா ஈஸியாச் சொல்றது?" என்று கத்தினாய். நான் அப்பாவிடமிருந்து போனை வாங்கி, "விடுலே, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டேன். அந்த லேப்டாப்பை மூடி பீரோவுக்குள் வைத்தேன். பொங்கலுக்கு நீ வந்தபோதும் அது அங்கேதான் இருந்தது.

அதற்குள் உன் மாமா ஒரு போன் வாங்கி வந்தான். விலை உயர்ந்த போன். பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்ததும் அது பேசியது. எனக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அதுவே சொல்லிக்கொடுத்தது. விரலைத் தடவினால் இங்கே இன்னது இருக்கிறது என்றது. இரண்டு தட்டு தட்டினால் திறந்தது. பாத்திமாவுக்கு நானே செய்தி அனுப்பினேன். கரண்ட் பில் கட்டினேன். உன் அப்பா வேனை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னபோது நீ உற்சாகமாக எதுவும் சொல்லவில்லை. "அவங்க என்ன கொடுக்காங்களோ அதான்ம்மா அதுல. உனக்கு வேணுங்கறத நீ மாத்த முடியாது" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. மாற்றுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது? ஒரு பொருள், வாங்கிய அன்றே, என்னை யாரிடமும் கெஞ்ச விடாமல் வைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய சுதந்திரம் ஒன்று உண்டு என்று கண் தெரிகிற ஒருவன் எனக்குச் சொல்கிறானே என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் பாதியை நான் நினைக்கத்தான் செய்கிறேன், கதிர். எளிதாக இருப்பது என்பது சோம்பேறிகளுக்கான வசதி என்று உன் கூட்டத்தில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். முடியாதவனுக்கு எளிதாக இருப்பதுதான் முதல் கதவு. அது திறக்காவிட்டால் உள்ளே எத்தனை கதவு திறந்திருந்தும் பயனில்லை.

ஆனால் மீதிப் பாதியை நான் ஆனி மாதத்தில் கற்றுக்கொண்டேன். காலண்டரில் வருகிற ஆனி மாதத்தைச் சொல்கிறேன்.

பாத்திமாதான் முதலாளியிடம் பேசினாள். "அவ காதுக்குச் சமமா இங்கன யாரு இருக்கா? ஃபைல அனுப்பிப் பாருங்க முதலாளி" என்றாளாம். சீசன் ஆரம்பித்து ஆர்டர் குவிந்துகொண்டிருந்த நேரம். அவரும் சரி என்றார். பிரஸ்ஸின் பழைய எழுத்துருவில் இருந்ததை எல்லாம் போன் வாசிக்கக்கூடிய யூனிகோடு எழுத்துக்கு மாற்றி பாத்திமா எனக்கு அனுப்பினாள். நான் போனில் ஒவ்வொரு தாளாகக் கேட்டேன். ராகு காலத்தில் ஒரு பிழை, நட்சத்திரத்தில் ஒன்று என்று பிடித்துக் கொடுத்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மீண்டும் வேலைக்காரி ஆகிவிட்டேன் அல்லவா? பிறகு அச்சுக்குப் பிளேட் போடப்போகிற அன்று பாத்திமா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ஏக்கா, ஆனி மாசம் முச்சூடும் 'ஆணி'ன்னு இருக்குக்கா. மூணு சுழி ண. ஒரு தாள் ரெண்டு தாளில்ல, மாசம் பூராவும்."

மாதத்தின் பெயர் சுவரில் அடிக்கிற ஆணியாகிவிட்டிருந்தது. நான் அத்தனை தாளையும் கேட்டு, சரி என்று அனுப்பியிருந்தேன். ஏனென்றால் அந்தக் குரலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். மூன்று சுழிக்கும் 'ன' என்றது, இரண்டு சுழிக்கும் 'ன' என்றது. பாத்திமா பார்த்ததால் தப்பியது. "கண்ணு இருக்கவளுக்கே தப்பு வருது, விடுக்கா" என்றாள். விட முடியவில்லை. கண் இருக்கிறவள் தப்பு விட்டால் அது கவனக்குறைவு. நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தத் தப்பு வந்தே தீரும் என்பதுதான் என்னைக் குத்தியது. போன் கம்பெனிக்கு உன் மாமா மகள் எனக்காக எழுதிப்போட்டாள். மரியாதையாகப் பதில் வந்தது, கருத்துக்கு நன்றி என்று. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பார்வையில்லாமல் தமிழ்க் காலண்டர் பிழை திருத்துகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறோம்? ஒருத்திக்காக அவர்கள் ஏன் மாற்ற வேண்டும்? அவர்கள் மாற்ற வேண்டாம். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றால் அதற்கு வழியில்லை. நீ சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

பொங்கலுக்கு நீ வந்தபோது நான் லினக்ஸைப் பற்றிப் பேசவில்லை, நீயும் பேசவில்லை. வேலையில்லாமல் கிடந்த ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரைப் பிரஸ்ஸிலிருந்து கொடுத்திருந்தார்கள். நீ அதில் ஒரு திரைவாசிப்பானைப் போட்டாய். "இது திறந்த மென்பொருள்தாம்மா, இலவசம். ஆனா பூட்டுன வீட்டுக்குள்ள குடியிருக்கு" என்றாய். பிடிக்காத சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்கிறவனின் குரல் உனக்கு. ஆனாலும் போட்டாய். அதற்காக உன்னை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். உன் கொள்கையைவிட என் ஆனி மாதம் உனக்குப் பெரிதாக இருந்தது.

எந்த எழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதற்குள் ஒரு கோப்பு இருந்தது. அதைத் திறந்து, "இப்போ நீ சொல்லும்மா, நான் எழுதுறேன்" என்றாய். நான் "மூணு சுழி ண" என்றேன். எழுதினாய். "ரெண்டு சுழி ன" என்றேன். ஒரு வார்த்தையை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பார்த்தோம். அது முடிவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"இப்பிடிச் சொன்னா ஒரு தாளுக்கே பொழுது போயிரும்லே."

"அப்ப என்ன செய்ய?"

"மூணுன்னு மட்டும் சொல்லட்டும். ரெண்டுன்னு மட்டும் சொல்லட்டும். எனக்குத் தெரியாதா?"

நீ சிரித்தாய். அப்படியே ர, ற, ல, ள, ழ என்று போனோம். பிறகு, முழு வாக்கியத்தை வாசிக்கும்போதும் ண வருகிற இடத்தில் குரல் கொஞ்சம் அழுத்தி இழுக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு, குரல் எந்த எழுத்தை எப்படி ஒலிக்கிறது என்கிற விதிகளுக்குள்ளேயே போக வேண்டும் என்று சொல்லி அதையும் திறந்தாய். நீ மாற்றுவாய், நான் கேட்பேன், "இன்னுங் கொஞ்சம்" என்பேன், மறுபடி மாற்றுவாய். கடைசியில் வந்த குரலைக் கேட்டு உன் அப்பா உள்ளேயிருந்து, "யாரு அது, மூக்கடைச்ச மாதிரி பேசுறது? விருந்தாளியா?" என்று கேட்டார். அசிங்கமான குரல்தான். எனக்கு ஆணியும் ஆனியும் தனித்தனியாகக் கேட்டன. உன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குரல் ஆனி மாதத்தை வாசித்துக்கொண்டே போனது.

அடுத்த சீசனில் ஒரு மார்கழித் தாளில் 'அணுமன் ஜெயந்தி' என்று இருந்ததை அந்த மூக்கடைத்த குரல்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. பாத்திமா தாளைத் திரும்பப் பார்த்து, "ஆத்தாடி, நான் ரெண்டு தடவ பாத்தேனே" என்று சிரித்தாள். "பழையபடி பிரஸ்ஸுக்கே வந்து உக்காருங்கக்கா, ஒங்க பொட்டிக்கு நாற்காலிக்குப் பக்கத்துலயே பிளக் பாயிண்ட் போட்டுத் தாரேன்" என்றார் முதலாளி. இப்போது பாத்திமாவுக்கு எதிரே நான் இருக்கிறேன். மூலத்தை அவள் வாசிக்கிறாள், புரூஃபை அந்தக் குரல் வாசிக்கிறது.

இதில் நான் எதிர்பாராதது வேறு. நாம் மாற்றியதை நீ எல்லோருக்கும் போய்ச்சேரும்படி இணையத்தில் போட்டாய். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. யாருக்கு வேண்டும் இது என்று நினைத்தேன். ஒரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்ததை நீ எனக்கு அனுப்பினாய். அவருக்கும் பார்வையில்லை. "ண வேறாக் கேக்குது, அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கோ. ஆனா 'ற்ற' எங்கட காதுக்குச் சரியா வரேல்ல. நான் அதை மாத்தி எங்கட ஆக்களுக்கு வேறா ஒண்டு செய்து வச்சிருக்கிறன், பாருங்கோ" என்று எழுதியிருந்தார். நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர், என்னிடம் அனுமதி கேட்காமல், நான் செய்ததை எடுத்து, தன் காதுக்கு ஏற்றபடி திருத்தி, அதையும் திருப்பித் தந்திருக்கிறார். எனக்கு வயிறு நிறைந்தது போல இருந்தது. திறந்த வீடு என்று நீ சொன்னது இதைத்தானா என்று உன்னிடம் கேட்க வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்: இதைத்தான் என்றால், நீ சொன்னது சரி.

சரி, பள்ளிக்கு வருகிறேன். நேற்று அப்பாவுக்கு வேன் லீவு. அவரைக் கூட்டிக்கொண்டு நான் அந்தப் பள்ளிக்கே போய்விட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ எனக்குமுன் போய் நிற்பாய். உன் நண்பன் ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸும் அதே திறந்த திரைவாசிப்பானும் போட்டு வைத்திருந்தான். பக்கத்தில் இன்னொன்றில் நீ லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறாய் என்றார்கள். வாசுகி என்று ஒரு பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. இரண்டிலும் அவளை உட்காரச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். விண்டோஸில் அவள் தானே அணைத்து, தானே எழுப்பி, எழுதத் தொடங்கிவிட்டாள். லினக்ஸில் குரல் தானாக எழுந்தது. இந்த முறை நீ மறக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் அவளும் மாட்டிக்கொண்டாள், நானும் மாட்டிக்கொண்டேன், அங்கே இருந்த டீச்சருக்கும் தெரியவில்லை. "சார் வந்தாதான் தெரியும்" என்றார் அவர். சார் என்றால் நீ. நீ ஜெர்மனியில் இருப்பாய்.

பிறகு வாசுகி மறுபடி விண்டோஸுக்கு வந்து உட்கார்ந்து, என் பக்கம் திரும்பி, "ஏன் டீச்சர், இது ஏன் இம்புட்டு மெதுவாப் பேசுது? எங்க வீட்டுல எல்லாரும் கடகடன்னு பேசுவாக. இத நாம மாத்தலாமா, இல்ல திட்டுவாங்களா?" என்று கேட்டாள். மாற்றலாம் என்றேன். எங்கே மாற்றுவது என்று காட்டினேன். வேகத்தை எனக்கே புரியாத அளவுக்கு ஏற்றினாள். அடுத்து, தன் பெயரை அது 'வாசுக்கி' என்று சொல்வதை மாற்ற முடியுமா என்றாள். முடியும் என்றேன். அதையும் மாற்றினாள். சரியாகச் சொன்னது. அதற்குப் பிறகு நான் அங்கே இருப்பதையே அவள் மறந்துவிட்டாள்.

ஆகவே என் பதில் இது. அதிகமான கம்ப்யூட்டர்களில் விண்டோஸைப் போடு, அதன்மேல் திறந்த திரைவாசிப்பானைப் போடு. கெட்டால் தெருமுனைக் கடைக்காரர் சரிசெய்ய வேண்டும். பரீட்சைக்கும் வேலைக்கும் போகிற இடத்தில் அவர்களுக்கு எதிரே இருக்கப்போவது பெரும்பாலும் அதுதான். இரண்டில் மட்டும் உன் லினக்ஸைப் போட்டு வை. வாசுகி மாதிரிப் பிள்ளைகள் விண்டோஸில் மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றி முடித்துவிட்டு அதற்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அப்போது அவர்களுக்கு அது வேண்டும். பூட்டியதா திறந்ததா என்று நீ கேட்டாய். இது உடைந்தால், நீ இல்லாத ஊரில், யார் கையில் சரியாகும் என்று நான் கேட்கிறேன். புதன்கிழமைதோறும் நான் அங்கே போவதாகச் சொல்லிவிட்டேன். முதலாளி அரைநாள் தருகிறார். உன் லினக்ஸில் நாங்கள் மாட்டிக்கொண்ட இடத்தை எனக்கும் டீச்சருக்கும் நீ ஊருக்குப் போவதற்குள் சொல்லிக்கொடு. போனில் வேண்டாம், நேரில் வா. இந்தத் தடவை நான் பாதியில் விட்டுவிடமாட்டேன், நீயும் கத்தாதே.

இன்னும் ஒன்று. நீ லினக்ஸ் போட்டிருக்கிற கம்ப்யூட்டரில் உள்ளே எதை மாற்ற வேண்டுமென்றாலும் பாஸ்வேர்டு கேட்கிறது, அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். பத்திரத்துக்காக வைத்திருப்பாய், தெரியும். விமானம் ஏறும் முன் அதை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போ.

உன் அம்மா